நாற்காலி ஆசை

நாற்காலிக்காகக் கட்சி மாறினால் தலைப்புச் செய்தி. நாற்காலிக்காகக் கடை மாறினால்?

தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார ஏதாவது போட வேண்டும் என்பது 2021-இல்தான் நம் சட்டமன்றத்துக்கு உறைத்தது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். சுதந்திரம் வந்த வருடத்துச் சட்டம், பாவம், 74 வருடம் கால்கடுக்க நின்றிருக்கிறது. கேரளம் 2018-லேயே உட்கார்ந்துவிட்டது.

சட்டம் வந்ததும் ஸ்டூலும் வந்தது. அதில் ஆள் உட்காருகிறாரா, பிரித்துப்போட்ட புடவைகள் உட்காருகின்றனவா என்பது கடைக்குக் கடை மாறும். (கல்லாவில் இருப்பவர் உட்காரச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை.)

ஆகவே உஸ்மான் ரோட்டில் எதிர்க்கடைக்கு மாறுகிற பெண்ணிடம், "சம்பளம் கூடவாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதேதான்க்கா. ஆனா அங்க உக்காரலாம். சூப்பர்வைசர் முறைக்க மாட்டாரு."

பழைய முதலாளிக்கோ தாங்கவில்லை. "உன்னை எங்க குடும்பத்துல ஒருத்தியாத்தானேம்மா வச்சிருந்தோம்!"

பொய்யில்லை. அவர்கள் வீட்டு மருமகளும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.