அரை வாட் குடும்பம்

ஸ்பீக்கர் வாங்கியதை ஊருக்கே சொல்லலாம். அதற்கு ஆம்ப்ளிஃபயர் தேடுகிறேன் என்பதை மட்டும் வெளியே விடக்கூடாது. ஸ்பீக்கரைப் பார்த்தவர்கள் "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். ஆம்ப் என்ற சொல் காதில் விழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நான் வாங்கியது ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். ஐந்து அங்குல வூஃபர், மேலே ஒரு ட்வீட்டர், சுற்றிலும் மரப்பெட்டி. ஹாலில் வைத்ததும் என் மனைவி அவற்றை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். பின்பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு திருகுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ப்ளக் எங்கங்க?"

"இதுக்கு ப்ளக் கிடையாது. தனியா ஆம்ப் வாங்கி, அதுலேர்ந்து ஒயர் கொடுக்கணும்."

"அப்போ இவ்வளவு காசு கொடுத்தும் இது தானாப் பாடாதா?"

பாடாது. போனிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வருவது மிஞ்சிப்போனால் இரண்டு வோல்ட். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்க அதில் தெம்பு இருக்காது. அந்தச் சிக்னலை அப்படியே பெரிதாக்கிக் கொடுப்பதுதான் ஆம்பின் வேலை. எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் விடக் கூடாது. ஆனால் "எதையும் சேர்க்காது" என்று சொல்லி ஒரு பொருளை விற்க முடியுமா? அதனால் ஒவ்வொரு ஆம்பும் இனிமை சேர்க்கிறது, ஆழம் சேர்க்கிறது, குறைந்தபட்சம் வாட்ஸையாவது சேர்க்கிறது.

வாட்ஸ் கட்சியின் மூத்த தலைவர் என் பெரியப்பா. எண்பதுகளில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பதித்து, ஹாலின் மூலையில் வைத்து, தெருவுக்கே பேஸ் சப்ளை செய்தவர். மியூசிக்கல்ஸ் கடையில் காசு கொடுத்துப் பதிவு செய்த கேசட்டுகள் இன்னும் அவர் பரணில் இருக்கின்றன. விஷயம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?"

"ஐம்பது வாட் போதும்னு பார்க்கிறேன் பெரியப்பா."

"ஐம்பதா? நான் வெச்சிருந்த டூ-இன்-ஒன்லயே இரண்டாயிரம் வாட்ஸ்னு போட்டிருந்தான்!"

போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்றும் போட்டிருந்தார்கள். பீக் மியூசிக் பவர் அவுட்புட் என்பது அதன் விரிவு. அதை எப்படி அளப்பது என்பதற்கு எந்தத் தரநிர்ணயமும் கிடையாது. கட்சி மாநாட்டுக்கு வந்த கூட்டத்தை ஏற்பாட்டாளர்களே எண்ணிச் சொல்வதுபோல அவரவர் மனசாட்சிக்குத் தோன்றிய எண் அது. அமெரிக்காவில் இந்தத் தொல்லை முன்பே முற்றி, ஆம்பின் வாட்ஸை இன்னின்ன முறையில் அளந்துதான் விளம்பரத்தில் போட வேண்டும் என்று 1974-இலேயே அரசாங்கம் விதி கொண்டுவந்தது. நம் வீடுகளில் அந்த இரண்டாயிரம் வாட்ஸ் பெட்டியை, ஃப்ரிட்ஜும் அயர்ன்பாக்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாதாரண ஐந்து ஆம்பியர் ப்ளக்கில் செருகி நிம்மதியாகப் பாட்டுக் கேட்டோம். ஃப்யூஸ் ஒருநாளும் போகவில்லையே என்று யாரும் யோசிக்கவில்லை.

இப்போது காலம் மாறி, பொய் சுருங்கியிருக்கிறது. ஆன்லைனில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆம்ப் பார்த்தேன். 300 வாட், அதுவும் சேனலுக்கு. பொறியியல் படிக்கும் அக்கா மகனிடம் காட்டினேன்.

"மாமா, கூட வர்ற அடாப்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தது.

"பெருக்குங்க."

பெருக்கினேன். 160 வாட். சுவரிலிருந்து 160 வாட் வாங்கி 600 வாட்டாக வெளியே விடும் பெட்டி அது. அப்படி ஒன்று உண்மையிலேயே வேலை செய்தால் அதைப் பாட்டுக் கேட்கவா வைத்துக்கொள்வேன்? நெய்வேலிக்கல்லவா அனுப்பியிருப்பேன்!

அந்த எண்ணும் முழுப்பொய் இல்லை என்றான் அவன். உள்ளேயிருக்கும் சிப் 4 ஓம் ஸ்பீக்கரில், 10 சதவீத டிஸ்டார்ஷனில், வேண்டிய வோல்டேஜ் கொடுத்தால், சோதனைக்கூடத்தில் அதைத் தொடும். என் ஸ்பீக்கர் 8 ஓம், ஆகவே ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்பது பாட்டோடு கூடவே கரகரப்பும் வருகிற நிலை. இத்தனையையும் கழித்து மிஞ்சுவதுதான் நமக்கு. ஆனால் அட்டையில் கழித்தல் குறியை யாரும் அச்சடிப்பதில்லை.

பிறகு அவன் என் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பார்த்தான். 86 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும். இருவர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, அத்தை சோபாவுல இருக்கும்போது நீங்க கேக்குற சத்தத்துக்கு அரை வாட் போதும்" என்றான். இத்தனை ஆண்டு இல்லற வாழ்வை யாரும் இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்னதில்லை.

அரை வாட்தான் தேவை என்றால் ஐம்பது எதற்கு? தவிலுக்கு. நாகஸ்வரம் நீளமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது அரை வாட்டில் ஓடும் ஆம்ப், தவில் வித்வான் ஓர் அடி போட்டதும் ஒரு கண நேரம் 20 டெசிபல் மேலே தாவ வேண்டும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. அரை வாட் ஐம்பது வாட்டாகிவிடும். அந்தக் கணத்தில் ஆம்பிடம் சரக்கில்லாவிட்டால் அடியின் தலை மழுங்கி 'தொப்' என்று விழும். ஆக ஐம்பதுக்கு நியாயம் இருக்கிறது. ஐம்பதை நூறாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், 'கொஞ்சம் கூடியிருக்கோ?' என்று சந்தேகப்படும் அளவு. சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமானால் வாட்ஸைப் பத்து மடங்காக்க வேண்டும். விலை மட்டும் இந்த மடக்கைக் கணக்குக்குக் கட்டுப்படாமல் தாராளமாக ஏறுகிறது.

பெரியப்பாவிடம் 1978-இல் வந்த நேட் 3020 பற்றிச் சொன்னேன். உலகம் முழுக்கச் சின்ன ஸ்பீக்கர்காரர்கள் கொண்டாடிய ஆம்ப், அட்டையில் போட்டிருந்தது சேனலுக்கு வெறும் 20 வாட், ஆனால் தவிலடி மாதிரியான கணத்தில் அதைவிட நிறையக் கொடுக்கும் என்றேன். அவர் 20 வரை மட்டும் கேட்டார்.

"பழைய ட்யூப்லைட்டே நாப்பது வாட்டுடா."

ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் நாம் கேட்கும் வாட்ஸில் அசெம்பிள் செய்து தருகிறார்கள், முன்பக்கத்தில் நம் பெயரையும் ஒட்டித் தருவார்களாம். இன்னொரு கடைக்காரர் வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்பினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாத்தீங்களா சார், இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கு!" உண்மையில் பெரும்பாலான ஆம்புகள் சிடி பிளேயர் அளவு சிக்னல் கொடுத்தால் குமிழ் பாதி திரும்பும்போதே தங்கள் முழுச் சக்தியையும் காட்டிவிடும். மீதித் தூரம் சன்னமான சிக்னலுக்காக விட்டுவைத்தது. குமிழ் சீக்கிரம் கத்தினால் அதன் பொருள் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, அதிகம் என்பதே, வாட்ஸ் அதிகம் என்பதல்ல. இதைக் கடைக்காரரிடம் சொல்லலாம் என்றுதான் வாய் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் வாட்ஸ் பேசமாட்டார், 'வார்ம்த்' பேசுவார். வைத்திருப்பது கிளாஸ் ஏ ஆம்ப். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஒரே அளவு மின்சாரம் இழுக்கும். சேனலுக்கு 25 வாட் தருவதற்குச் சும்மா இருக்கும்போதே குறைந்தது 100 வாட் வாங்கிச் சூடாக வெளியே விடும். மே மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆம்ப் அறையைச் சூடாக்கியது, ஏசி அதைக் குளிர்வித்தது, ஏசியின் இரைச்சலை மீறிக் கேட்க நண்பர் ஆம்பைக் கூட்டினார். இரண்டு பெட்டிகள் மாறி மாறி உழைத்ததில் நடுவே கொஞ்சம் வயலினும் கேட்டது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் கிளார்க் என்பவர் ஒரு பந்தயம் கட்டினார். நல்ல நிலையிலுள்ள இரண்டு ஆம்புகளை, சத்தத்தைத் துல்லியமாகச் சமன்செய்து, அவற்றின் சக்திக்குள் ஓடவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டு வித்தியாசம் சொல்பவருக்கு 10,000 டாலர். பலர் முயன்றார்கள், பணம் அவரிடமே இருந்தது. சத்தத்தைச் சமன்செய்வதில்தான் சூட்சுமம். ஒன்று மற்றதைவிட ஒரு நூலிழை சத்தமாக இருந்தால்கூட நம் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். இதை நண்பரிடம் சொன்னேன். அவர் பரிதாபமாக என் காதைப் பார்த்தார்.

அக்கா மகனும் லேசுப்பட்டவனில்லை. அவன் சிபாரிசு செய்த ஆம்பில் இரைச்சல், பாட்டைவிட 110 டெசிபல் கீழே. நல்லதுதான். ஆனால் என் ஹாலில் பாட்டுக்கு மேலே சுற்றுவது சீலிங் ஃபேன். கீழே வழவழ டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் ஒரு தட்டலுக்கு மூன்று கேட்கும். இந்த அறையில் ஆம்பை மாற்றுவதைவிட ஒரு தடித்த திரைச்சீலையும் ஜமக்காளமும் அதிக வித்தியாசம் செய்யும். சோதித்தும் பார்த்தேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலின், ஜமக்காளத்தை விரித்ததும் ஜன்னலை விட்டு இறங்கி ஸ்பீக்கர்களுக்கு நடுவே வந்து நின்றது. ஜமக்காளத்துக்கு வாட்ஸ் கிடையாது என்பதால் பெரியப்பா அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இவ்வளவு பேர் இவ்வளவு சொன்னபிறகு, எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்ட என் மனைவி மூன்று கேள்விகள் கேட்டாள். டிவியைச் சேர்க்க முடியுமா? ரிமோட் உண்டா? ராத்திரி மெதுவாக வைத்தாலும் பாட்டு பாட்டாக இருக்குமா?

மூன்றாவது கேள்விக்கு அறிவியலே துணை நிற்கிறது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க நம் காதுக்கு பேஸ்தான் முதலில் மறையும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் லவுட்னஸ் பட்டன் வந்தது. சுத்த சங்கீதக்காரர்கள் அதைத் தொட்டால் தீட்டு என்பார்கள். அவர்கள் யாரும் அடுக்குமாடியில் இரண்டாவது தளத்தில், கீழே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குடியிருக்க, பத்து மணிக்கு மேல் மிருதங்கம் கேட்டவர்களாக இருக்க முடியாது. யமஹா தன் ஸ்டீரியோ ஆம்புகள் பலவற்றில் இதற்கென்றே தனிக் குமிழ் வைத்திருக்கிறது. அரை வாட் குடும்பங்கள் உலகெங்கும் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக சேனலுக்கு ஐம்பது வாட்டுக்குச் சற்று மேல், 8 ஓமில், நேர்மையாக அளந்தது. டிவிக்கு ஆப்டிகல், கையில் ரிமோட், லவுட்னஸ். சாதாரணமான, கறுப்பான ஒரு பெட்டியை வாங்கிவந்தேன். 200 மணி நேரம் ஓடினால்தான் ஆம்ப் செட்டிலாகும், அதன் பிறகுதான் நிஜமான ஒலி வரும் என்று நண்பர் போனில் எச்சரித்தார்.

"அதுக்குள்ள நம்ம காது செட்டிலாயிடும்ங்க" என்றாள் மனைவி. ஆம்போடு வந்த மேனுவலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நிபுணர்களில் மேனுவல் படித்தது அவள் ஒருத்திதான்.

பெரியப்பா திறப்புவிழாவுக்கு வந்தார். குமிழைத் தானே பிடித்து, பானை காலத்துப் பெருமிதத்தோடு திருப்பினார். சத்தம் ஏறியது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. குமிழ் சுற்றிக்கொண்டே இருந்தது, டிஸ்ப்ளேயில் எண் அசையவில்லை.

"என்னடா, மேல போகமாட்டேங்குது? ரிப்பேரா?"

"இல்ல மாமா, அதுல மேக்ஸிமம் வால்யூம்னு ஒரு செட்டிங் இருக்கு" என்றாள் மனைவி. "நான்தான் போட்டு வெச்சிருக்கேன்."