வல்லுச்சு, மெல்லுச்சு, இடையுச்சு: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் பாட்டுப் போட்டி பார்க்கும் முறைமை குறித்து ஓர் ஆய்வு

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதியவர்கள் பாடுகிறவர்களோடும் நடுவர்களோடும் நின்றுவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரை 'நேயர்' என்று ஒரே சொல்லில் ஓரம் தள்ளிவிட்டு மேலே போனார்கள். அந்தப் பெருங்குறையைப் போக்க வந்தது இக்கட்டுரை. இதன் கோட்பாடு எளிது: மேடையில் நடப்பது மூலபாடம் மட்டுமே, போட்டி நடப்பது ஹாலில். ஹாலில் போட்டியிடுவோர் பாடுவதில்லை. மேடையில் பாடுகிறவரின் சுருதி விலகும் கணத்தில், நடுவர் முகம் சுளிப்பதற்கு முன்பே, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிரித்து 'உச்' கொட்டுகிறார்கள். முதலில் கொட்டியவர் அந்தச் சுற்றை வென்றவர். நடுவருக்குப் பின் கொட்டியவர் வெளியேற்றப்பட்டவர். ஆனாலும் இருந்த இடத்தை விட்டு எழமாட்டார், இட்லி இன்னும் வேகவில்லை. ஆய்வெல்லை வடக்கே கடலூர் மஞ்சக்குப்பம், தெற்கே சிதம்பரம் அண்ணாமலை நகர். மூலநூல்கள் விஜய் டிவி 2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கரும் ஜீ தமிழின் சரிகமபவும். குறிஞ்சிப்பாடியும் பரங்கிப்பேட்டையும் விடப்பட்டன. அடுத்து வரும் ஆய்வு மாணவருக்கும் ஒரு தலைப்பு வேண்டும்.

'இவற்றைப் பன்னாட்டுப் போட்டி என்று எப்படிச் சொல்லலாம்?' என்று முதல் தடை எழும். எழுப்புவோர் ஐரோப்பாவைக் காட்டுவர். அங்கே 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகள் கூடி, நாட்டுக்கு இரண்டாகப் பதினான்கு பாட்டுப் பாடி, யூரோவிஷன் போட்டியைத் தொடங்கிவைத்தன. நடத்திய சுவிட்சர்லாந்தே வென்றது. அந்த ஆண்டு நடுவர்கள் சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடத் தடையில்லை. லக்சம்பர்க் நடுவர்கள் வராததால் அவர்கள் ஓட்டையும் சுவிஸ்காரர்களே போட்டார்கள். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை வெளியிடவும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. எனினும் 'பன்னாட்டு' என்றால் ஏழு நாடாவது வேண்டும் என்பது ஐரோப்பியர் கொள்கை. நம் கல்லூரிகளில் வழங்கும் கொள்கை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒரே ஒரு பேராசிரியர் வந்து சால்வை வாங்கிக்கொண்டால் போதும், அது பன்னாட்டுக் கருத்தரங்கம். அவர் வரமுடியாமல் வாழ்த்துச் செய்தி மட்டும் அனுப்பினாலும் பேனர் மாறுவதில்லை. இந்த அளவுகோலின்படி, 2015இல் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா ஜூட்ஸ் சூப்பர் சிங்கர் ஜூனியரில் இரண்டாமிடம் பெற்றபோதே நம் போட்டி தகுதி அடைந்துவிட்டது. 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் முதலிடம் பிடித்தபோது பேனருக்கு ஃபிரேமும் போட்டாயிற்று.

லுகானோவை முதலிடம் என்று ஒப்புக்கொண்டு மேலே போனால் அது தமிழாய்வு ஆகாது. எதுவும் இங்கிருந்துதான் போயிருக்கவேண்டும். திருவாதவூரர் புராணத்தைப் புரட்டுக. ஈழத்து அரசன் வாய் பேசாத தன் மகளோடும் பௌத்த குருவோடும் தில்லைக்கு வருகிறான். சோழன் முன்னிலையில் மாணிக்கவாசகரோடு வாதம் நடக்கிறது. வெளிநாட்டு அணி இருக்கிறது, நடுவர் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, கேள்வி-பதில் சுற்றும் இருக்கிறது. தோற்ற அணிக்கு நாக்கு எழாமல் போகிறது, அதாவது மைக் அணைக்கப்படுகிறது. பேசாத பெண் பேசி விடை சொன்னதே திருச்சாழல் என்பர். இத்தனையும் லுகானோவுக்கு நெடுங்காலம் முன்பு. யூரோவிஷன்காரர்கள் தில்லைக்கு இதுவரை ஒரு நன்றியும் சொன்னதாகத் தெரியவில்லை. கடலூரின் பங்கு இன்னும் தெளிவு. அப்பரைக் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ள, அவர் பதிகம் பாட, கல் தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒதுங்கியதைப் பெரியபுராணம் சொல்கிறது; அவர் ஏறிய இடம் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் வழங்குகிறது. எலிமினேஷன் ஆனவர் பாடியே திரும்பி வந்த கதை இதற்கு முன் இல்லை. வைல்டு கார்டின் தோற்றுவாய் தேவனாம்பட்டினத்துக் கடல் என்று துணியலாம். ஆனால் கரையில் நின்ற ஊர்க்காரர்களில் ஒருவராவது உச் கொட்டியிருப்பாரே, அதைச் சேக்கிழார் பதிவுசெய்யவில்லை. அடியாருக்குப் பொருந்தும் பெருந்தன்மை அது. ஆய்வாளருக்குப் பொருந்தாது.

காண்போர் நால்வகையர். சோபாவில் இருப்போர் தலைமை மாந்தர். தரையில் பாய் விரித்தோர் துணை மாந்தர். அடுக்களை வாசலில் கரண்டியோடு நிற்பவர் பாதி கேட்டு முழுத் தீர்ப்புச் சொல்பவர். போனில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் ஆய்வுக்கு உரியவரல்லர். ரிமோட்டை வைத்திருப்பவரே நடுவர் என்று ஒரு சாரார் கூறுவர் (மாடி போர்ஷன் உரை, படிக்கட்டுப் பகுதி). அது பொருந்தாது. அந்த ரிமோட்டின் பின்மூடி போய் நாளாயிற்று. பேட்டரியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, டிவிக்கு நேராகக் கையை நீட்டி, கட்டைவிரலால் நகம் வெளுக்க அழுத்தினால்தான் சத்தம் ஒரு புள்ளி ஏறும். இத்தனை வேலையில் இருப்பவர் சுருதியை எங்கே கவனிப்பார்? அதிகாரம் கையில் உள்ளவர் பாட்டைக் கேட்பதில்லை என்பது துணைவேந்தர் அறைகளுக்கும் பொருந்தும் பொதுவிதி. இங்கு அது வேண்டாம்.

இனி உச். தமிழின் 247 எழுத்துகளில் இதற்கு இடமில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் நாக்கு அண்ணத்தைத் தொடும் இடங்களை நுனி, இடை, அடி என்று வகுத்துச் சொன்னவர். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது உந்தியிலிருந்து காற்று எழுந்து வெளியே வரும் ஒலிகளை. உச் உள்ளே உறிஞ்சும் ஒலி. தென்னாப்பிரிக்காவின் ஹோசா, ஜூலு மொழிகளில் இப்படி நாக்கைச் சொடுக்கிப் பிறக்கும் ஒலிகள் முறையான எழுத்தாகவே வழங்குகின்றன. அவர்கள் அதை வைத்துச் சொல் அமைக்கிறார்கள், நாம் தீர்ப்பு எழுதுகிறோம். இளம்பூரணர் முதல் நச்சினார்க்கினியர் வரை உரையாசிரியர் எவரும் இதுபற்றி வாய் திறக்கவில்லை.

உச் மூவகைப்படும். வல்லுச்சு ஒருமுறை, உரக்க, தலை இடவலமாக ஓர் ஆட்டத்தோடு வருவது. சுருதி விலகலுக்கு உரியது. மெல்லுச்சு மூன்று நான்காக அடுக்கி, தணிந்து வருவது, பாட்டுக்கு உரியதன்று. பாட்டுக்கு முன் காட்டும் குறும்படத்தில் போட்டியாளரின் ஓட்டு வீடும், அவர் அம்மாவின் தையல் மெஷினும், பின்னால் ஒரு வயலினும் வரும்போது பிறப்பது. மெல்லுச்சு வாங்கியவருக்கு அடுத்த நிமிடத்திலேயே வல்லுச்சு விழுவதுண்டு. இரக்கம் வேறு, காது வேறு. இவ்விரண்டோடு நிறுத்தியிருந்தால் ஆய்வு சுருக்கமாக முடிந்திருக்கும். இடையுச்சுதான் சிக்கல். இது வல்லுச்சாகத் தொடங்குவது. நாக்கு அண்ணத்தில் ஏறி ஒட்டிவிட்டது. அதற்குள் திரையில் நடுவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். ஒட்டிய நாக்கைத் திரும்பப் பெறும் வழி உடற்கூற்றில் இல்லை. எனவே பிரியும் கணத்தில் அதன் பொருளை மாற்றியாக வேண்டும். தலை இடவலமாக ஆடாமல் மேலும் கீழுமாக ஆடுகிறது, கண் மூடுகிறது, 'அடடா' என்றொரு சொல் ஒட்டிக்கொள்கிறது. கண்டனமாகப் பிறந்த ஒலி வாயை விட்டு வெளிவருவதற்குள் பாராட்டாகிவிடுகிறது. துறைத்தலைவர் அறைக்குள் மறுப்புரையோடு நுழைந்து அணிந்துரையோடு வெளிவரும் கட்டுரைகளை அறிந்தவர்க்கு இந்தத் திரிபை விளக்க வேண்டியதில்லை.

நான்காவதாகப் பல்லுச்சு என்றொரு வகையைச் சேர்க்கவேண்டும் என்பாரும் உளர். பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் எடுக்கும் ஒலி இது, தீர்ப்பாகாது. ஆனால் கேட்போர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. சிதம்பரத்தில் இது கொத்சுவின் கத்தரி விதையாலும், கடலூர் முதுநகரில் மீன் முள்ளாலும், இரண்டு ஊரிலும் பண்ருட்டி முந்திரியாலும் விளையும். தோற்றுப்போன வல்லுச்சுக்காரர் தாம் கொட்டியது பல்லுச்சு என்று சாதிப்பதே இவ்வகையின் முதன்மைப் பயன். இதற்குச் சான்று ஒன்றே கிடைத்துள்ளது: கேஸ் சிலிண்டர் ரசீதின் பின்பக்கம், மளிகைக் கணக்கில் புளி அரைக் கிலோவுக்கும் சீயக்காய்க்கும் நடுவே, எண்ணெய் பட்டு ஊடுதெரியும் பகுதியில் உள்ள பென்சில் குறிப்பு. அது பிற்காலத்தார் கை என்று மேற்கு ஜன்னல் உரைகாரர் ஒதுக்குவர். கை ஒன்றுதான், பென்சில்தான் வேறு என்று கிழக்கு ஜன்னல் உரைகாரர் மறுப்பர். பென்சிலே இல்லை, அது கரி என்று மூன்றாமவர் ஒரு நூலே எழுதக்கூடும். எழுதினால் நூலகத்துறை ஆணை கிடைக்கும்.

வட்டார வேறுபாடு கருதத்தக்கது. சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் இசைத்துறையில் டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றோர் கற்பித்தனர். அந்தக் காற்றுத் தேர்வீதி நான்கிலும் அடித்திருக்கவேண்டும். ஆகவே சிதம்பரத்தார் உச் கொட்டியதும் காரணமும் சொல்வர். காரணம் பெரும்பாலும் 'காந்தாரம் எறங்கிடுச்சு' என்பதே. பாடியது மத்தியமாவதி, அதில் காந்தாரமே கிடையாது என்று எடுத்துக்காட்டினால், 'அதான் எறங்கிப் போயிடுச்சுன்னேனே' என்று முடித்துவிடுவர். கடலூரார் காரணம் சொல்லார். துறைமுகத்து ஊர், மீன் ஏலத்தில் காரணம் கேட்டுக்கொண்டு நின்றால் கூடை கைமாறிவிடும்.

சான்றுகளில் ஓர் இடைவெளி உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்துப் போட்டதில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அதை அடுத்து 2012இன் மின்வெட்டு. இக்காலத்துப் பருவங்கள் இவ்வட்டாரத்தில் பாதிப் பாட்டாகவும், பல்லவி இல்லாத சரணமாகவும், முடிவு அறிவிக்கும் நொடியில் இருளாகவுமே கிடைக்கின்றன. தில்லையில் கிடைத்த தேவார ஏடுகளைக் கரையான் தின்றது போக எஞ்சியதையே நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பர். நமக்குக் கரையான் பணியை மின்வாரியம் செய்தது. அதுவும் நெய்வேலி இருக்கும் மாவட்டத்தில். பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது 1956. யூரோவிஷன் பிறந்ததும் 1956. சூப்பர் சிங்கர் சரியாக 50 ஆண்டு கழித்து 2006. இதைத் தற்செயல் என்பவர்க்கு முனைவர்ப் பட்டம் கிடைப்பது அரிது.

நம் கோட்பாட்டுக்கு வலுவான எதிர்வாதம் ஒன்றே. ஒரு வீட்டில் கேபிள், அடுத்த வீட்டில் டிஷ், மாடியில் செல்போன் ஆப். மூன்றிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் வருவதில்லை. சில நொடிகள் முன்பின்னாகும். ஜன்னல் திறந்திருந்தால் பக்கத்து வீட்டு வல்லுச்சு, நம் திரையில் சுருதி விலகுவதற்கு முன்பே காதில் விழும். அதைக் கேட்டுக் கூர்மையாகக் காத்திருந்து, உரிய இடத்தில் நடுவருக்கு முன் கொட்டி, சோபா முழுவதன் வியப்பையும் பெறுவோர் உளர். இவர்களுடைய வெற்றி செல்லாது என்பது எதிர்வாதம். செல்லும் என்பதே நம் முடிபு. பிறர் கண்டதைச் சற்றுப் பிந்தித் தாம் கண்டதாகச் சொல்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட ஆய்வுமுறை. இதனால் வேலை இழந்தவரை விடப் பதவி உயர்வு பெற்றவரே மிகுதியாகத் தென்படுகின்றனர். நெறிமுறை வேண்டுமென்றால் 'உச் (நன்றி: அடுத்த வீடு)' என்று சொல்லிக் கொட்டலாம். சொல்லி முடிப்பதற்குள் நடுவர் முந்திவிடுவார். அடிக்குறிப்பு இடுபவர் தோற்பார் என்பது கருதியே இவ்வழக்கம் பரவவில்லை.

உச் கொட்டுகிறவருக்குப் பாடத் தெரியவேண்டாமா என்பது மற்றொரு தடை. வேண்டாம். ஒரு வெண்பாவைத் தளை தட்டாமல் எழுத வராதவர்கள் யாப்பியல் ஆய்வேடுகளை ஆண்டுதோறும் நெறிப்படுத்தி வருகிறார்கள், யாப்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. எஞ்சுவது காலந்தாழ்ந்த உச். சனிக்கிழமை நிகழ்ச்சியைத் தவறவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆப்பில் பார்த்து, முடிவு தெரிந்த பாட்டுக்குக் கொட்டும் உச் கணக்கில் சேருமா? பல்கலைக்கழகங்களில் ரிசல்ட் வந்தபின்னும் மறுமதிப்பீடு உண்டு, விண்ணப்பமும் கட்டணமும்தான் வேண்டும். அதே நடைமுறை இங்கும் செல்லும். விண்ணப்பம் வாய்மொழியாகத் தரலாம். கட்டணம் அன்றிரவுப் பாத்திரங்கள் அனைத்தையும், கொத்சு அடிப்பிடித்த வாணலி உட்பட, விளக்கி வைத்தல். விளக்கியதும் அவருடைய உச் சனிக்கிழமை தேதியிட்டே பதிவுசெய்யப்படும்.