கழற்றியதை மாட்டுவது எப்படி?

இந்த வழிகாட்டி, காரைக் கழற்றி முடித்துவிட்டவர்களுக்கானது. இனிமேல்தான் கழற்றப்போகிறேன் என்பவர்களிடம் சொல்ல 'வேண்டாம்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதையும் அவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எனவே நேராக விஷயத்துக்கு வருவோம்.

எடுத்துக்கொண்டிருக்கும் வண்டி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்து, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானத்தின் பெயரை வைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. இதன் மாதிரி வண்டி தொழிற்சாலையின் ஒரு மூலையில் தூசித் துணிக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்தது என்றும், 1961இல் கம்பெனியை வாங்கிய லேலண்ட் ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் தயாரிக்கச் சொன்னார்கள் என்றும் வரலாறு. பிறவிக் குணமோ என்னவோ, வாய்ப்புக் கிடைத்தால் இந்த வண்டி மறுபடியும் துணிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளப் பார்க்கிறது. இங்கிலாந்தில் எத்தனையோ வீட்டு கராஜ்களில் அது அப்படித்தான் கிடக்கிறது, பாதி வண்டியாகவும் மீதி அட்டைப் பெட்டிகளாகவும்.

முதலில் புத்தகம் வாங்குங்கள். பிரிட்டனில் கார் பழுதுபார்க்க இறங்கும் எவரும் ஹெய்ன்ஸ் கையேடு இல்லாமல் இறங்குவதில்லை. அந்நாட்டு விமானப் படையில் ஏடனில் பணியாற்றிய ஜான் ஹெய்ன்ஸ், நண்பர் ஒருவருடைய ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைப் பிரித்துப் பூட்ட உதவியபோது, கம்பெனி கொடுத்த புத்தகம் சாமானிய மனிதனுக்கு உதவாது என்று கண்டுகொண்டார். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, தானே ஒரு புத்தகம் போட்டார். 1966இல் வந்த அந்த முதல் கையேடு சட்டென்று விற்றுத் தீர்ந்தது. இந்த வகைப் புத்தகங்களில் கழற்றும் முறை பக்கம் பக்கமாக விளக்கப்பட்டிருக்கும். மாட்டும் முறைக்கு வரும்போது, கழற்றியதையே தலைகீழாகச் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள்தான் உங்கள் அடுத்த சில ஆண்டுகள் இருக்கின்றன.

காரணம் எளிது. கழற்றும்போது நீங்கள் துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் தட்டினீர்கள், வெட்டினீர்கள், கெட்ட வார்த்தை சொன்னீர்கள். இவற்றுள் எதைத் தலைகீழாகச் செய்வது?

அடுத்து, பெட்டிகளைத் திறந்து சாமான்களை வகைப்படுத்துங்கள். கழற்றிய அன்றைக்கு ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி, படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. 'இது எங்கே போகும் என்று தெரியாதா என்ன' என்று ஜாம் பாட்டிலில் போட்டீர்கள். போட்டவருக்கு நல்ல ஞாபகசக்திதான். அவர் இப்போது எங்கே என்றுதான் தெரியவில்லை. சீட்டு ஒட்டியவர்களும் தப்பவில்லை. 'முன்பக்கம், இடது' என்று எழுதியிருக்கும். வண்டிக்குள் உட்கார்ந்தவருக்கு இடதா, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடதா? இன்னொரு சீட்டில் 'முக்கியம்' என்று மட்டும் இருக்கும்.

போல்ட்டுகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல ஸ்பேனரும் ஏழுக்குப் பதினாறும் ஒன்பதுக்குப் பதினாறும் இருந்தால் பெரும்பாலான வேலை ஓடிவிடும். மில்லிமீட்டர் ஸ்பேனரில் பதின்மூன்று, அரை அங்குலத்துக்குப் பொருந்துகிற மாதிரி பாவனை செய்யும். அதை நம்பினால் போல்ட்டின் தலை வட்டமாகும். அதன் பிறகு எந்த ஸ்பேனரும் தேவைப்படாது. மறைகளில் நுண்மறை, பெருமறை என்று இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்கு ஒன்று கலப்பு மணம் செய்துவைத்தால் இரண்டு சுற்று இணக்கமாகப் போகும், மூன்றாவது சுற்றில் மாட்டிக்கொள்ளும்.

இனி சேஸும் பாடியும். ஸ்பிட்ஃபயரின் சேஸ், அதே கம்பெனியின் ஹெரால்டு காரின் சேஸைக் குறுக்கிச் செய்தது. தமிழ் வாசகர்களில் வயதானவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதன் ஒன்றுவிட்ட அண்ணன்தான். முன்சக்கரத் தொங்கலும் (சஸ்பென்ஷன்) ஸ்டியரிங்கும் ஒரே குடும்பம். அந்த வண்டியை இருந்த இடத்திலேயே வட்டமடித்துத் திருப்பிய டாக்டர்களையும் வக்கீல்களையும் மெட்ராஸ் தெருக்களில் பார்த்தவர்களுக்கு, ஸ்பிட்ஃபயர் ஒரு டாக்ஸியைவிடக் குறுகிய வட்டத்தில் திரும்புவதில் வியப்பு இருக்காது.

சேஸிலிருந்து பாடியைத் தூக்கியபோது இடையிடையே துருப்பிடித்த தகடுகளும் வாஷர்களும் கீழே விழுந்திருக்கும். அவற்றை நீங்கள் பெருக்கித் தள்ளியிருப்பீர்கள். அந்தத் தகடுகள்தான் கதவின் இடைவெளியை நிர்ணயித்தவை. தொழிற்சாலையில் அனுபவசாலி ஒருவர் இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று செருகிச் செருகி, கதவு 'டப்' என்று மூடும்வரை சரிசெய்திருக்கிறார். முன்சக்கரத்தின் விஷ்போன் பிடிக்குப் பின்னாலும் இதே போல மெல்லிய தகடுகள் இருந்தன. அவை சக்கரத்தின் சாய்வைக் காப்பவை. குப்பை வண்டி வருவதற்கு முன்பு இந்தப் பத்தியைப் படிக்க நேர்ந்தால் உடனே வாசலுக்கு ஓடுங்கள்.

துருப்பிடித்த சில் பலகைகளை வெட்டி எடுத்துப் புதியதை வெல்டிங் செய்தவர்களுக்குக் கூடுதல் பரிசு உண்டு. இந்த வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் நடுவில் பாரம் தாங்குகிறது. கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் பாடி நடுவில் லேசாகத் தொய்யும். மில்லிமீட்டர் கணக்கில்தான். ஆனால் கதவுக்கு மில்லிமீட்டர் போதும். வெல்டிங் முடித்து, பட்டி பார்த்து, மூன்று கோட் பெயிண்ட் அடித்து, மெருகேற்றி, கடைசியாகக் கதவை மாட்டுங்கள். இந்த வரிசையைப் பின்பற்றினால்தான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அவசரக்காரர்கள் வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் கதவை மாட்டிப் பார்த்து, பானெட்டையும் வைத்துப் பார்த்து, எல்லா இடைவெளியும் ஒத்துவந்த பிறகே பெயிண்டைத் தொடுகிறார்கள். பானெட் என்பது இங்கே மட்கார்டுகளையும் சேர்த்து வண்டியின் முன்பாதி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும் சமாசாரம். அதன் ஒரு மூலையைச் சரிசெய்தால் எதிர் மூலை கோபித்துக்கொள்ளும்.

எஞ்சின் எளிமையானது. நான்கு சிலிண்டர், டிராக்டரின் சொந்தக்காரன் போன்ற சுபாவம். இதில் நீங்கள் மதிக்க வேண்டியது அரைவட்ட வடிவிலுள்ள இரண்டு சின்னத் தகடுகளை. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்தும் த்ரஸ்ட் வாஷர்கள் அவை. ஒவ்வொரு முறை க்ளட்சை மிதிக்கும்போதும் அந்த அழுத்தம் அவற்றின் மேல்தான் விழுகிறது. தேய்ந்தால் நழுவி எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்க், எஞ்சின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். ஒரு முகத்தில் பள்ளக் கோடுகள் இருக்கும்; அந்த முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதுவும் சொல்லாது. எஞ்சின் கிளம்பும், ஓடும், நீங்களும் ஊருக்கெல்லாம் சொல்லி முடிப்பீர்கள். அதன் பிறகுதான் பேசும்.

வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பலர் முதலில் கார்ப்பெட்டும் சீட்டும் போட்டுவிடுகிறார்கள். நல்ல தேர்வு. ஸ்பிட்ஃபயரில் கியர் பாக்ஸ் வெளியே வருவது வண்டியின் உள்வழியாக. சீட்டை எடுத்து, கார்ப்பெட்டை உரித்து, நடுவிலுள்ள அட்டை மூடியைக் கழற்றினால்தான் க்ளட்ச் தட்டைத் தொட முடியும். அதே போல டாஷ்போர்டை அழகாகப் பூட்டி, எட்ட நின்று ரசியுங்கள். ஹீட்டர் பெட்டி இன்னும் பெஞ்சின் மேலேயே இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இங்கே விளையாட்டை நிறுத்திவிட்டு இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். முன்சக்கரச் சுருள் ஸ்பிரிங்கை அதற்கான அமுக்கி இல்லாமல் கயிற்றாலும் தைரியத்தாலும் சுருக்க முயலாதீர்கள். அது விடுபட்டால் எலும்பை முறிக்கும். இந்தப் பத்திக்கு மறுபக்கம் கிடையாது.

தொங்கல் அமைப்பில் இன்னொரு நுட்பம். ரப்பர் புஷ் போட்ட போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே முழுப் பலத்தோடு இறுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, வண்டி எம்பியபடியே நிற்கும், சில மாதத்தில் புஷ் கிழியும், மறுபடியும் வாங்கலாம். சக்கரத்தில் பாரம் இறங்கிய பிறகு இறுக்குகிறவர்கள் உதிரிபாகக் கடைக்காரரின் வயிற்றில் அடிக்கிறார்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் கார்களின் ஒயரிங்கைச் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒயர்களின் நிற ஒழுங்கைப் பாருங்கள்: பழுப்பு என்றால் எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை, சாவி போட்டால் வருவது, பச்சை, ஃபியூஸ் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். இவ்வளவு தெளிவாக எழுதிவைத்த பிறகும் விளக்கு எரியவில்லை என்றால் தவறு பெரும்பாலும் நம்முடைய பெயிண்டில் இருக்கிறது. இந்த வண்டியில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போவது பாடியின் இரும்பு வழியாக. நீங்களோ ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் தடிமனான பெயிண்டால் மூடிவிட்டீர்கள். துருப்பிடித்த காலத்தில் பளிச்சென்று எரிந்த விளக்குகள், புதுப் பெயிண்டில் எரியாது. அல்லது இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். கரண்ட் ஊர் சுற்றி வேறு விளக்கின் வழியாக வீடு திரும்புகிறது, அவ்வளவுதான். எர்த் பிடிக்கும் இடங்களில் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். மனசு வராது. சுரண்டுங்கள்.

இன்னொன்று: தொடக்க கால ஸ்பிட்ஃபயர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். மூன்றாம் பதிப்பிலிருந்து நெகட்டிவ். எந்த வண்டி என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டுகிறவர்களுக்குப் புகை வடிவில் பதில் வரும்.

பிரேக் ஆயிலை ஊற்றும்போது தாராளமாகச் சிந்துங்கள். அது பெயிண்டைத் தின்னும் வேகம் பார்க்க வேண்டிய ஒன்று. குழாயிலுள்ள காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும்: பெடலை மிதிக்க ஒருவர், சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட ஒருவர். மிதிப்பவர் வீட்டில் உங்களோடு வாழ்பவராகத்தான் இருப்பார். "மிதி", "மிதிச்சிட்டேன்", "விடாதே", "நீங்கதானே விடச் சொன்னீங்க" என்று போகும் அந்த உரையாடலில் காற்று எப்போது வெளியேறியது என்று யாரும் கவனிப்பதில்லை. மாமியார் வந்திருக்கும் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எஞ்சினைக் கிளப்பும் நாள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியதைப் பார்த்த பிறகே பிளக்கைப் போடுங்கள். தீப்பொறி வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்றுத் தள்ளி மாட்டியிருந்தால் கார்புரேட்டர் உங்கள் முகத்தில் தும்மும். பயப்பட வேண்டாம், அது எல்லாருக்கும் தும்மியிருக்கிறது. புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், கிளம்பியதும் அணைக்காமல் சுமார் 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட விட வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டார் நம்மைப் புரிந்துகொள்ளத் தொடங்குவது இந்த இருபது நிமிடத்தில்தான்.

எல்லாம் முடிந்த பின் ஒரு டப்பா போல்ட் மிஞ்சும். கம்பெனிக்காரன் தேவைக்கு அதிகமாகப் போட்டுவிட்டான் என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கம்பெனியின் கணக்கர்கள் அப்படி ஒரு வாஷரைக்கூடச் சும்மா விட்டவர்கள் இல்லை.

பிரிட்டனில் 40 வயது கடந்த வண்டிக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதவரை, 2018 முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அதாவது நீங்கள் மாட்டியதை மாட்டிய நீங்களே பரிசோதித்து, நீங்களே ஓட்டலாம். அரசாங்கம் உங்களை அவ்வளவு நம்புகிறது. நீங்கள் நம்பாதீர்கள், காசு கொடுத்துப் பரிசோதனைக்கு விடுங்கள். பழைய ஸ்பிட்ஃபயரின் பின்சக்கர அச்சு, வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரத்தை உள்ளே மடக்கும் குணமுள்ளது. 1970இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். மிச்சம் வந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதை அந்த வளைவில் கண்டுபிடிக்கக் கூடாது.

பணக் கணக்குக் கேட்பவர்களுக்கு: வீட்டில் பிரித்துப் பூட்டிய ஸ்பிட்ஃபயருக்கு ஆகும் செலவு, அதை விற்றால் கிடைக்கும் விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடும். ஆகவே இன்னும் வண்டி வாங்காதவர் யாராவது இதுவரை படித்திருந்தால், வேறொருவர் அந்த நஷ்டத்தைப் பட்டு முடித்த வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். போகும்போது ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள். பானெட்டைக் கவிழ்த்து, அவரை உள்ளே உட்கார்ந்து க்ளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு அது முன்னே நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது. டீ குடிக்கச் சொல்வார்கள், குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.