ராஸ்டர் அடுக்குகளின் பெயர்ப் புணர்ச்சி: ஓர் இலக்கண ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுக்க வேண்டும் என்பது மரபு. வரையறுக்காவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பது நடைமுறை. இரண்டுக்கும் கட்டுப்பட்டுச் சொல்வதாவது: ராஸ்டர் என்பது கட்டம் கட்டமாகப் பிரித்த நிலப்படம். கட்டத்துக்கு ஓர் எண். அந்த எண் வெப்பநிலையாகவோ மழையளவாகவோ செயற்கைக்கோள் கண்ட சிவப்பொளியாகவோ இருக்கலாம். இத்தகைய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தொகுப்பு. அடுக்கியதிலிருந்து ஒன்றை எப்படி உருவுவது, உருவியதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்ற இரண்டே வினாக்கள் இவ்வாய்வின் எல்லை. புவி வெப்பமாதல் போன்ற சில்லறை விஷயங்களை வேறு துறையினர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆய்வுக் களம் ஆர் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இதன் 1.0.0 பதிப்பு வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29. நான்காண்டுக்கு ஒருமுறை மட்டுமே பிறந்தநாள் வருமாறு முகூர்த்தம் பார்த்த மொழியில், எண்ணும் பெயரும் சொன்னபடி கேட்கும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. இம்மொழியில் ராஸ்டரைக் கையாள ராபர்ட் ஹைமன்ஸ் 2010இல் வெளியிட்ட நிரல் தொகுதிக்குப் பெயரே ராஸ்டர்தான். அதற்குப் பின்வந்த டெரா 2020இல் வெளியானது. முன்னதை மூலநூல் என்றும் பின்னதை வழிநூல் என்றும் கொள்க.

இனி உருவுதல். இங்கே அடைப்புக்குறி மிகும் இடம், மிகா இடம் என்று இரண்டு உண்டு. தந்த பலகை வேறு, தந்தப் பலகை வேறு என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் 2 என்று எழுதினால் இரண்டாவது அடுக்கு முழுப் படமாக வரும். ஒற்றை அடைப்புக்குள் அதே 2ஐ எழுதினால், எல்லா அடுக்குகளிலும் இரண்டாவது கட்டத்தில் உள்ள மதிப்புகள் மட்டும் வரும். கட்டங்களை எண்ணத் தொடங்குவது வடமேற்கு மூலையிலிருந்து. ஆகவே வடதுருவம் வரை நீளும் உலகப் படமானால் இரண்டாவது கட்டம் ஆர்க்டிக் கடலில் விழும். நிலத்துக்கு மட்டும் மதிப்புள்ள 19 அடுக்குத் தொகுப்பில் இப்படிக் கேட்டவருக்கு ‘இல்லை’ என்ற விடை 19 முறை கிடைக்கும். பிழைச்செய்தி வராது. கேட்டது கிடைத்துவிட்டதே, பிறகென்ன பிழை?

பெயருக்கு வருவோம். இந்த ஆய்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. விகாரம் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். பவணந்தி முனிவர் கணினியைக் கண்டவரல்லர். எனினும் ராஸ்டர் தொகுதியின் நடத்தை இம்மூன்றுக்குள் முழுமையாக அடங்குவதை மெய்ப்பிக்க முடியும்.

அடுக்கின் பெயர் எண்ணில் தொடங்கினால் அதன் முன் எக்ஸ் என்ற எழுத்து தானே வந்து நிற்கும். இது தோன்றல். பெயரின் இடையில் உள்ள வெற்றிடமும் சிறு கோடும் புள்ளியாக மாறும். இது திரிதல். ஆகவே ‘2015-06-01’ என்று ஒருவர் ஆசையாக வைத்த பெயர் ‘எக்ஸ்2015.06.01’ என்று நிலைமொழி அடையாளம் தெரியாமல் புணர்ந்து நிற்கும். நாளை நாளாகவே படிக்க விரும்பும் அடுத்த நிரலுக்கு இந்த எக்ஸை வெட்டியெடுப்பதே முதல் வேலை. இரண்டு அடுக்குகளுக்கு ஒரே பெயர் வைத்தாலோ, வாலில் .1, .2 என்று இலக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தோன்றல் முதலிலும் நிகழும், ஈற்றிலும் நிகழும் என்க. கெடுதல் இன்னும் கொடிது. பெயர்களையெல்லாம் திருத்தி, ஜியோடிஃப் கோப்பாக எழுதிச் சேமித்து, மறுநாள் திறந்தால் ஒரு பெயரும் இராது. கோப்பின் பெயரும் வரிசை எண்ணுமே எஞ்சும். அத்தொகுதிக்கே உரிய கிரிட் வடிவில் எழுதினால் மட்டும் பெயர் பிழைக்கும். வழிநூலாகிய டெராவோ வைத்த பெயரை வைத்தபடியே விடுகிறது. இதனை இயல்புப் புணர்ச்சி என்று வகைப்படுத்துவதில் இவ்வாய்வாளருக்குத் தயக்கமில்லை.

‘பெயரால் இத்தனை தொல்லை என்றால் எண்ணாலேயே அழைத்துவிட்டுப் போகலாமே’ என்பர் ஒரு சாரார். அவர்கட்கு மறுப்பு வருமாறு. வேர்ல்ட்கிளிம் என்ற உலகத் தட்பவெப்பத் தொகுப்பில் பயோ1 முதல் பயோ19 வரை 19 மாறிகள் உண்டு. பயோ1 ஆண்டுச் சராசரி வெப்பம், பயோ12 ஆண்டு மழை. இக்கோப்புகளைக் கோப்புறையிலிருந்து பட்டியலிடச் சொன்னால், கணினி அவற்றை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படித்து வரிசைப்படுத்தும். பயோ1க்கு அடுத்து பயோ10, பின் 11, 12 என்று 19 வரை ஓடிய பிறகே பயோ2க்கு முறை வரும். அது நிற்கும் இடம் சரியாகப் பன்னிரண்டாவது! ஆகவே பன்னிரண்டாம் அடுக்கை மழையென்று நம்பி உருவுகிறவர் கையில் வருவது, ஒரு நாளின் உச்ச வெப்பத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும் உள்ள சராசரி வேறுபாடு. மழை நான்காம் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, பழைய பதிப்பில் முழு எண்ணாகச் சேமிப்பதற்காக வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி வைத்திருந்தார்கள். 12 பாகை வேறுபாடு 120 என்று நிற்கும். அதை மழையளவாகப் படித்தால், தவளை வாழுமிடத்தைத் தேடிப் போன ஆய்வு மணல்மேட்டில் போய் முடியும். 2005இல் இத்தொகுப்பை வெளியிட்ட குழுவின் தலைவரும் அதே ஹைமன்ஸ்தான் என்பதை எந்த உள்நோக்கமுமின்றிப் பதிவுசெய்கிறோம்.

லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் கதையும் இதுவே. லேண்ட்சாட் 7இல் மூன்றாம் ஒளிப்பட்டை சிவப்பு, நான்காம் பட்டை அண்மை அகச்சிவப்பு. 2013இல் ஏவிய லேண்ட்சாட் 8இல் கடலோர ஆய்வுக்கென்று ஒரு பட்டையை முதலாவதாகச் செருகினார்கள். அடுத்து நின்றவர்கள் ஒரு படி நகர, சிவப்பு நான்காம் இடத்துக்குப் போனது. பழைய நிரலை அப்படியே ஓட்டி, அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்கும் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டால், அகச்சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும், சிவப்பின் இடத்தில் பச்சையும் வந்து அமரும். இலை சிவப்பைவிடப் பச்சையை அதிகம் திருப்புவதால் அடர்ந்த காட்டுக்கு எதிர்மறை எண் கிடைக்கும். ஒரு மரத்தையும் வெட்டாமல் காட்டை அழிக்கும் வழி இது.

சென்டினல் 2 செயற்கைக்கோளில் எட்டாம் பட்டைக்கும் ஒன்பதாம் பட்டைக்கும் நடுவே 8ஏ என்றொரு பட்டை இருக்கிறது. கோப்புப் பெயர்களில் ஓரிலக்க எண்களுக்கெல்லாம் முன்னால் சுழியம் போட்ட புண்ணியவான்கள் இதற்கு மட்டும் போடவில்லை. எனவே அகரவரிசையில் அது பன்னிரண்டுக்கும் பின்னால், பதின்மூன்றாவதாக, கடைசியில் போய் நிற்கிறது.

முடிபு: அடுக்கைப் பெயர் சொல்லியே உருவுக. உருவும் முன் பெயர்ப்பட்டியலை ஒருமுறை திரையில் அச்சிட்டுப் பார்க்க. கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா எண்களுக்கும் முன்னால் தயவுசெய்து ஒரு சுழியம் போடுங்கள். 8ஏக்கும் சேர்த்துத்தான்.