அசல்காரர்

வட்டிக்கடைக்காரர் வாயிலிருந்து 'அசல்' என்ற சொல் வந்தால் கடன் வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலிருந்து அதே சொல் வந்தால் வீட்டார் எல்லாருக்குமே கலக்கும். நான்கு இரவு, ஐந்து பகல் சுற்றுலாவில் பாங்காக்கையும் பட்டாயாவையும் பார்த்துத் திரும்பிய குடும்பத் தலைவர் அன்றைக்குக் கோழிக்கறி வைக்கப்போகிறார் என்று அதற்குப் பொருள். நம்மூர்க் கோழிக்கறி அல்ல. தித்திப்பும் உறைப்புமாய்த் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் தாய்லாந்துப் பச்சைக்கறி. ஆண்டின் மற்ற நாட்களில் அடுப்புக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்பதே இவருக்கு ஐயம். அன்று மட்டும் சமையலறை இவருடைய ராஜ்யம். மனைவி பூண்டு உரிக்கும் குடிமகள். அம்மா நாடு கடத்தப்பட்ட முன்னாள் ராணி. "இஞ்சி போட்டா என்னடா?" என்று முன்னாள் ராணி வாசற்படியில் நின்று கேட்டால், "அது அசல் இல்லம்மா, கலங்கல் போடணும்" என்று பதில் வரும். கலங்கல் தண்ணீரைக் கறியில் ஏன் ஊற்றவேண்டும் என்று அந்த அம்மாளுக்குப் புரியாது. அது பேரரத்தை என்றும், இருமலுக்கு அவர் நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் சித்தரத்தைக்கு அக்காள் முறை என்றும் மகன் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாது.

அசல்காரரின் சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை, கடையில் தொடங்குகிறது. பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடுகிறது. பாங்காக்கிலிருந்து கருங்கல் உரலும் உலக்கையுமாக வந்திறங்கியவர் அவர். விமானத்தில் அனுமதித்த எடையில் பாதி அதற்கே போயிற்று. வீட்டு அம்மி பால்கனியில் மணிபிளான்ட் தொட்டிக்கு மணையாகக் கிடப்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. அம்மா நெத்திலிக் கருவாடு வறுக்கக்கூடாது, மேல்வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். இப்போது அதே நெத்திலி இனத்து மீனை உப்போடு ஓர் ஆண்டுக்கும் மேலாக ஊறவைத்து வடித்த நாம் ப்லா என்னும் மீன்சாற்றை, நறுமணத் தைலம்போல் மூடியைத் திறந்து முகர்ந்து கண்ணை மூடுகிறார். பச்சைக்கறியில் போடும் குட்டிக் கத்தரிக்காய்க்காக நகரத்தின் மூன்று உயர்தர அங்காடிகளில் ஏறி இறங்குகிறார். தாய்லாந்துக்காரர்கள் மக்குவா புவாங் என்று சொல்லும் அந்தக் காய் நம் சுண்டைக்காய்தான். உறவு முறை இல்லை, அதே செடி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவர்கள் கண்ணாடித்தாள் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கூலியைக் கூட்டியிருப்பார்கள். ஹோரப்பா என்ற வாசனை இலையின் கதையும் இதுவே. சோம்பு வாசம் அடிக்கும் அந்த இலை, நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தில் ஒரு வகை. ஜிகர்தண்டா, பலூடா கடைகளில் ஊறவைக்கும் சப்ஜா விதை அந்தச் செடியினுடையதுதான். கிடைக்காத ஆத்திரத்தில் அசல்காரர் துளசி மாடத்தில் கைவைக்கப்போக, அன்றைய முதல் கலவரம் அங்கே வெடிக்கும்.

அயல்நாட்டு மோகம் என்று இவரைத் தள்ளிவிடுவது எளிது. அது சரியான குற்றச்சாட்டும் அல்ல. பிற நாட்டு உணவின்மேல் ஆசைப்படாத நாக்கு உலகத்தில் எங்கும் இல்லை. ஆசைப்பட்டதால்தான் இந்தக் கறியே பிறந்தது. இவருடைய பிழை வேறு. கறியின் அசல் பையில் அடைத்து வாங்கிவரக்கூடிய பண்டம் என்று நம்புகிறார். ஆனால் பையைப் பிரித்துக் கணக்குப் பார்த்தால் அந்த அசலே கடனாக வந்தது என்று தெரியும். பச்சைக்கறிக்குப் பச்சை நிறமும் உறைப்பும் தருவது பச்சை மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த கையோடு தாய்லாந்தின் அன்றைய தலைநகர் அயுத்தயாவுக்கும் தூது அனுப்பினார்கள். மிளகாய் தென்கிழக்கு ஆசியாவில் பரவியது அவர்கள் காலத்து வணிகத்தோடுதான். அதற்கு முன் அங்கே காரம் என்றால் பெரிதும் மிளகு. வந்தேறிக்குப் ப்ரிக் என்ற மிளகின் பெயரையே கொடுத்துவிட்டு, உள்ளூர் மிளகை ப்ரிக் தாய், அதாவது தாய்லாந்து மிளகு, என்று அடைமொழி போட்டு அழைக்கவேண்டிய நிலைமைக்குத் தாய்லாந்துக்காரர்கள் ஆளானார்கள். வந்தவன் வீட்டுக்காரன் ஆனான், வீட்டுக்காரன் அடையாள அட்டை காட்டவேண்டியவன் ஆனான். மிளகோடு காயை ஒட்டி மிளகாய் என்று பெயரிட்டுச் சமாளித்த நாமும் ஏறக்குறைய அதே கூத்தைத்தான் ஆடியிருக்கிறோம். மஸ்ஸமன் என்ற இன்னொரு தாய்க் கறியில் பட்டையும் கிராம்பும் ஏலமும் வந்தது முஸ்லிம் வணிகர் வழியாக. மஞ்சள் நிறக் கறிக்குக் கேங் கரி என்று பெயர். அதில் உள்ள 'கரி' நம் 'கறி' ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்த வடிவம். இப்படி நாலு திசையிலும் கைமாற்று வாங்கி, தன் நாக்குக்கு ஏற்பத் திருத்திக்கொண்ட சமையலிடம் போய் அசலை எடுத்து வை என்கிறார் நம்மவர்.

இனிப்பு விஷயத்தில் அவர் படும் பாடு தனிக்கதை. பச்சைக்கறியின் பெயர் கேங் கியாவ் வான். கியாவ் என்றால் பச்சை, வான் என்றால் இனிப்பு. பெயரிலேயே இனிப்பு இருக்கிறதே என்று மூன்று கரண்டி சர்க்கரையைக் கொட்டி, கறியைப் பாயசத்துக்கு ஒருபடி முன்னால் நிறுத்திவிடுகிறார். அந்த 'இனிப்பு' சுவையைச் சொல்வதில்லை, நிறத்தைச் சொல்கிறது என்பதே அங்குள்ள பொதுவான விளக்கம்: தேங்காய்ப்பால் கலந்து வெளிறிய, கண்ணுக்கு இதமான பச்சை. நாம் இளம்பச்சை என்கிறோமே, இளமைக்கும் பச்சைக்கும் என்ன உறவோ அதே உறவு. கறியில் இனிப்பு இல்லாமல் இல்லை. தேங்காய்ப்பாலின் இயல்பான தித்திப்பு இருக்கிறது. மீன்சாற்றின் உப்பை முனைமழுக்க ஒரு சிட்டிகை வெல்லமும் போடுவார்கள். பெட்சபுரி பக்கத்துப் பனைவெல்லத்துக்கு அந்த நாட்டில் நல்ல பெயர். இதைக் கேட்டால் உடன்குடிக்காரர்கள் புன்னகைப்பார்கள். அசல்காரர் இறக்குமதிச் சர்க்கரைப் பொட்டலத்தின் விலைச்சீட்டைத் தேடுவார். தாய்ச் சமையலில் புளிப்பு, இனிப்பு, உப்பு, உறைப்பு நான்கும் சமமாக இருக்கவேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு பச்சைக்கறியில் எலுமிச்சையும் பிழிகிறார். அந்தச் சமநிலை ஒரே சட்டியில் அடைபடுவது அல்ல. சோற்றைச் சுற்றி ஒரு புளிப்புச் சூப், ஒரு கறி, ஒரு துவையல், கொஞ்சம் பச்சைக் காய் என்று பரப்பி எல்லாரும் பகிர்ந்து உண்ணும் பந்தி முழுவதிலும் பரவிக்கிடப்பது. சாம்பார், ரசம், மோர் மூன்றின் வேலையையும் பொரியல் ஒன்றே செய்யவேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

உச்சக்கட்டம் தேங்காய்ப்பால். இந்தக் கறியின் சூட்சுமம் முழுக்க முதற்பாலில் இருக்கிறது. கெட்டிப்பாலை வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மினுங்கும்வரை காய்ச்சி, அந்த எண்ணெயிலேயே அரைத்த மசாலாவை வதக்கவேண்டும். பிறகுதான் கோழி, பிறகுதான் இரண்டாம் பால். நம் வீடுகளில் கற்றுத்தந்த பாடம் இதற்கு நேர் எதிர்: தேங்காய்ப்பால் ஊற்றினால் நுரை கட்டியதும் இறக்கு, கொதித்தால் திரிந்துபோகும். ஆகவே "டேய், அடுப்பை அணைடா!" என்று முன்னாள் ராணி கத்துவது அவர் மரபுப்படி நியாயம். அணைக்கமாட்டேன் என்று மகன் நிற்பதும் நியாயம். அன்றைக்கு அவர் சரியாகச் செய்யும் ஒரே காரியம் அது. ஆனால் வாணலியில் இருப்பது அட்டைப்பெட்டியில் வந்த பால். மாதக்கணக்கில் பிரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே நிலைப்படுத்திகள் சேர்க்கப்படுவது பல பெட்டிகளின் விதி. எவ்வளவு காய்ச்சினாலும் அது அரசு ஊழியர் சங்கம்போல் ஒற்றுமையாக இருக்கும். பால் பிரிய மறுக்கிறது, அம்மா பிரிந்துவிடும் என்று பயப்படுகிறார், மகன் பிரியவில்லையே என்று பயப்படுகிறார். அடுக்களை மூலையில் முழுத் தேங்காய் இரண்டு கிடக்கின்றன. துருவிப் பிழிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எண்ணெய் கக்கியிருக்கும். தமிழில் 'தாய்' என்ற சொல் தரும் சிலேடையை ஒருமுறையாவது தொடாமல் இந்தப் பொருளைக் கடக்க முடியாது: தாய்முறைக்குத் தேவையானது தாயின் கையிலேயே இருந்தது.

இந்தப் பித்து நம் அசல்காரருக்கு மட்டும் உரியது என்று நினைத்தால் அவருக்கு அநீதி. தாய்லாந்து அரசையே அது பிடித்தாட்டியிருக்கிறது. வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்கும் திட்டத்தை அந்த அரசு 2002இல் தொடங்கியது. நல்ல கடைகளுக்குத் தாய் செலக்ட் என்று முத்திரையும் உண்டு. பெருகியபின் கவலை வந்தது: அங்கே எல்லாரும் ஒழுங்காகச் சமைக்கிறார்களா? விளைவு, 2014இல் அரசு ஆதரவில் உருவான ஒரு சுவை எந்திரம். வாசனையையும் சுவையையும் உணர்கருவிகளால் அளந்து கறிக்கு மதிப்பெண் போடும்; நூற்றுக்கு 80க்குக் கீழே என்றால் அசல் அல்ல. சரி, அந்த எந்திரத்துக்கு அசலைச் சொல்லிக்கொடுத்தது யார்? பாங்காக்கின் சுலாலங்கொன் பல்கலைக்கழகத்தில் 120 பேருக்குப் பல விதமாகச் சமைத்த தாய்ச் சூப்பைக் கொடுத்து, எது பிடித்தது என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, அசல் என்பது வாக்கெடுப்பில் வென்ற வேட்பாளர். தோற்ற சூப்புகளும் பாங்காக்கில் சமைத்தவைதானே, அவையெல்லாம் போலியா? எந்திரத்திடம் பதில் இல்லை. அசல்காரரிடம் கேட்கத் தேவையே இல்லை. அந்த எந்திரம் தவணையில் கிடைக்குமா என்றுதான் அவர் விசாரிப்பார்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் போட்டுப் பச்சைக்கறி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. கூடாது. மக்ருத் எலுமிச்சையின் இலைக்கு ஈடு கிடையாது. நார்த்தை இலை பக்கத்தில் வரும், அதே இடத்துக்கு வராது. பேரரத்தைக்குப் பதில் இஞ்சி போட்டால் கறி வேறு ஆகிவிடும் என்பதில் அசல்காரர் சொன்னதே சரி. அம்மா இங்கே தோற்கத்தான் வேண்டும். பொருள் மாறினால் சுவை மாறும் என்பது சுவையைப் பற்றிய பேச்சு, அதை நாக்கு தீர்த்துவைக்கும். சுண்டைக்காய் நம்மூர்ச் சந்தையில் வாங்கியது என்பதற்காகத் தள்ளுவது சுவையைப் பற்றிய பேச்சு அல்ல, பத்திரப்பதிவு. நம் சாம்பாரில் வெளிநாட்டான் சர்க்கரை போட்டால் நாம் பொங்கமாட்டோமா என்றும் கேட்பார்கள். பொங்குவோம், கன்னடத்து நண்பர் வீட்டில் வெல்லம் போட்ட சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பொங்குவோம். அசல்காரரும் தெருமுனைத் தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் வாங்கும்போது மஞ்சூரியா எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. பாவம், வாரத்தில் ஒருநாளாவது அடுப்பருகே நிற்கிற ஆணைக் கேலி செய்யலாமா என்பதுதான் கடைசி ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. பரிசுத்தமான கறியைத் தேடுகிற சாக்கிலாவது கரண்டி பிடித்தாரே. ஆனால் அவர் நின்ற மூன்று மணி நேரத்துக்குப்பின் தேய்க்கவேண்டிய பாத்திரங்களை எண்ணியவர்கள் வாக்களிக்கட்டும். 120 பேர் வேண்டாம், அந்த வீட்டில் ஒருவர் போதும்.

மூன்று மணிக்கு இலை போடுகிறார்கள். இவ்வளவு நேரத்தில் அசல்காரர் செய்யாத ஒன்று உண்டு: ஒருமுறைகூட ருசி பார்க்கவில்லை. மீன்சாறு கம்பெனிக்குக் கம்பெனி உப்பு மாறும், மிளகாய் செடிக்குச் செடி காரம் மாறும் என்பதால் தாய்லாந்துச் சமையற்காரர் கரண்டியை உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சரிபார்த்துக்கொண்டே இருப்பார். நம்மவர் கைபேசியில் இருந்த அளவைக் கிராம் பிசகாமல் போட்டுவிட்டார்; அதற்குமேல் நாக்கை நம்புவது அவருக்கு முறைகேடு. பிள்ளைகள் தயிர் கேட்கிறார்கள். மனைவி "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அந்தத் 'தான்' எவ்வளவு கனம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். பாதிக் கறி மிஞ்சுகிறது. இரவில் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து முன்னாள் ராணி ஆட்சியைக் கைப்பற்றுகிறார்: ஒரு மூடித் தேங்காய்ப் பாலைப் பிழிந்து ஊற்றி, உப்புப் பார்த்து, நாலு சுண்டைக்காயைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டு, மறுநாள் காலை இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிறார். அரிசிமாவை ஓட்டை அச்சில் பிழிந்து வேகவைத்த கனோம் சீன் என்ற சேவைமீது பச்சைக்கறியை ஊற்றி உண்பது தாய்லாந்தில் அன்றாடப் பழக்கம். அது அந்தச் சாப்பாட்டு மேசையில் யாருக்கும் தெரியாது. அசல்காரர் தட்டைப் பார்த்து, "இடியாப்பத்துக்குப் போய் இதை ஊத்துவாங்களா? அங்கே ஒருத்தனும் இப்படிச் சாப்பிடமாட்டான்மா" என்று அலுத்துக்கொண்டே, இன்னும் இரண்டு எடுத்து வைத்துக்கொள்கிறார்.