குதிகால் கடிக்கும் வம்சம்

கேள்வி: விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்களை வைத்துப் பெருக்கிவிட்டு, அரிய இனத்தை 'மீட்டோம்' என்பது சரியா?

பதில்: சரிதான். ஸ்வீடனின் வால்ஹுண்டைப் பாருங்கள். மாட்டின் குதிகாலைக் கடித்து மந்தையை ஓட்டும் குட்டைக்கால் நாய். 1942-இல் பியோர்ன் வான் ரோசனும் கார்ல்-குஸ்தாவ் செட்டர்ஸ்டெனும் வேஸ்டர்யோட்லாந்தில் தேடி எஞ்சியவற்றைச் சேர்த்தார்கள். மறு ஆண்டே இனத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. உதைக்கு எட்டாத உயரமும் ஓட்டும் புத்தியும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த குணங்கள். அவை அறுந்துபோகாமல் காத்ததால்தான் அது மீட்பு. நெருங்கிய உறவுக்குள் பெருக்கினால் நோய் வராதா? வரும், இந்த இனத்தில் பரம்பரை விழித்திரை நோய் உண்டு. அதற்கு வழி கண் பரிசோதனையும் கவனமாக ஜோடி சேர்ப்பதும்தான். மந்தையே குறைந்த காலத்தில் இது எதற்கு என்பவர்களுக்கு: மந்தையை நாளையே வாங்கலாம், அதை ஓட்டும் புத்தியை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.