நீச்சல்குளமும் ஏரியும்: நலச்சங்க விதிகளுக்கு ஓர் உரை

பெறுநர்: செயலாளர், குடியிருப்போர் நலச்சங்கம், பழைய மாமல்லபுரம் சாலை, சென்னை.

பொருள்: பொது நீர்நிலைகளின் பயன்பாட்டு விதிகள் தொடர்பாக.

ஐயா,

குடியிருப்புக்கு நீர்நிலைகள் இரண்டு. ஒன்று, கிளப் ஹவுஸை ஒட்டிய நீச்சல்குளம். நீளம் 25 மீட்டர், அகலம் 10 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர், ஆக 3 லட்சம் லிட்டர். மற்றது மதில் சுவருக்கு அப்பால் உள்ள ஏரி. ‘லேக் வியூ’ என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை வாங்கித் தந்தது இதுதான். சங்கத்தின் விதிப் புத்தகத்தில் குளத்துக்கு 31 விதிகள், ஏரிக்கு ஒன்று: ஏரிப்பக்கக் கதவு பூட்டியே இருக்கும்.

குளத்து விதிகளில் பெரும்பகுதி உடையைப் பற்றியது. நைலான் உடை கட்டாயம். தொப்பியும் கட்டாயம்; வழுக்கைத் தலைக்கும் விலக்கில்லை. மெயின்டனன்ஸ் பாக்கி உள்ள வீட்டுப் பிள்ளைகள் குளத்தில் இறங்கக் கூடாது. பாக்கிதாரரைக் கண்டுபிடிக்கக் குளோரினுக்குத் தெரியாது என்பதால் அந்தப் பொறுப்பு வாட்ச்மேனிடம் விடப்பட்டிருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களும் டிரைவர்களும் சுகாதாரம் கருதி இறங்கக் கூடாது. தினமும் விடிகாலையில் அதே நீரில் இறங்கிப் பாசி தேய்ப்பவருக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

இறங்குமுன் ஷவரில் குளிக்க வேண்டும் என்பது 27ஆவது விதி. முதலாவதாக இருந்திருக்க வேண்டியது இது. நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வருவதும் கண் சிவப்பதும் குளோரின் தாராளமாக இருப்பதால் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன்களே காரணம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் இருந்து, குளிப்பவர்களும் உடம்பைக் கழுவிக்கொண்டு இறங்கினால் வாடை அவ்வளவாக இராது. ‘வாடை வருகிறதே, அதுதான் சுத்தத்துக்கு அத்தாட்சி’ என்ற சங்கத்தின் வாதம் வேதியியலுக்கு அப்பாற்பட்டது. ஷவர் குழாய் 2019 கோடையில் அடைக்கப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்ட கோடை அது. 12,000 லிட்டர் லாரிகள் 25 வந்தால்தான் குளம் நிறையும் என்ற நிலையில் குளமும் மூடப்பட்டது. மறுபடி திறந்தபோது குழாயைத் திறக்க யாருக்கும் நினைவில்லை.

ஏரிக்குக் கரை, மதகு, கலங்கல் என்று உறுப்புகள் உண்டு. தென்சென்னை ஏரிகள் பல சங்கிலித் தொடராக அமைந்தவை. ஒன்று நிறைந்து கலங்கல் வழிந்தால் நீர் அடுத்ததற்குப் போகும். கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடல். ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். இங்கே, கலங்கலிலிருந்து புறப்படும் கால்வாயின் மேல் விருந்தினர் கார் பார்க்கிங் இருக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய (எஸ்டிபி) மோட்டார் ஓடாத இரவுகளில் 400 வீட்டுக் கழிவுநீர் ஏரிக்குள் இறங்குகிறது, தொப்பியில்லாமல். 2015 டிசம்பரில் ஏரி பதில் மரியாதை செய்ய வந்தது. தரைத்தளம் முழுக்க இரண்டு நாள் தங்கிப் போன அந்த விருந்தாளியிடம் சங்கம் ‘கெஸ்ட் சார்ஜ்’ வசூலிக்கவில்லை.

ஏரிக்கு விதி எழுதுவது புதிய காரியமும் அல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, உறுப்பினர் குடவோலையில் தேர்வாக வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு. முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழாது. நீச்சல் உடை பற்றிக் கல்வெட்டில் குறிப்பு ஏதும் இல்லை.

இவற்றில் சொந்த வீடு என்ற தகுதியை மட்டும் சங்கம் எழுத்துப் பிசகாமல் காக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டுக் கிடையாது. மற்றவற்றையும் பைலாவில் சேர்க்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. சேர்த்தால், மூன்று பொதுக்குழுவாகக் கணக்கு வைக்காத பொருளாளர், அவருடைய மைத்துனரான துணைத்தலைவர், ஒன்பது ஆண்டாக இடைவிடாமல் சேவை செய்யும் செயலாளர் ஆகிய மூவர் ஓலைக்கும் குடத்தில் இடமிருக்காது. பார்க்கிங் பொறுப்பாளர் வயதில் அடிபடுவார், அவருக்கு 34.

இப்படிக்கு,
ஏரிப்பக்க பிளாக் குடியிருப்போர்